லாரியின் முகமும் வரலாற்றின் காலமும்

கல்வெட்டும் செப்பேடும் நாணயமும் வரலாற்றுக்குச் சான்றாகும் என்பதை யாவரும் அறிவர். நாள்தோறும் சாலையில் ஓடும் சரக்கு வண்டியும் அத்தகைய சான்றாகக் கூடும் என எண்ணிப் பார்ப்போர் சிலரே. கிள்ளானுக்கு வடக்கே மேரு, காப்பார் வட்டாரங்களிலும், கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் போற்றி வைத்திருக்கும் பழைய படங்களில், மனிதருக்குப் பின்னால் ஒரு லாரி நிற்பது உண்டு. அவற்றில் சில, திருவிழாவுக்குப் புறப்பட்ட தோட்டத்துக் கூட்டத்தைக் காட்டும். சில, பால் வாளிகளோடு நிற்கும் பெண்களைக் காட்டும். பெரும்பாலான படங்களின் பின்புறத்தில் நாளும் ஆண்டும் குறிக்கப்பட்டிரா. படத்திலிருப்போரைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டவல்ல முதியோரோ ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். அந்நிலையில் படத்தின் காலத்தை ஓரளவு அறுதியிட்டுக் கூறவல்லது, பின்னால் நிற்கும் லாரியின் முகம்.

முகம் என்பது இங்கு உவமையன்று. லாரிகள் முக அமைப்பினால் இரு பெரும் இனமாகப் பிரியும். ஒன்று, எஞ்சின் முன்னே நீண்டிருக்க, ஓட்டுநர் அதற்குப் பின்னே அமரும் மூக்கு நீண்ட லாரி. மற்றொன்று, எஞ்சினுக்கு மேலேயோ அதற்கும் முன்னாலேயோ ஓட்டுநர் அமரும் தட்டை முக லாரி. வட அமெரிக்காவின் நெடுஞ்சாலைகளில் தட்டை முகக் கனரக லாரியைக் காண்பது இன்று அரிது. அதிலும் ஐரோப்பாவிலிருந்து சென்ற தட்டை முக லாரி ஒன்று எதிர்ப்பட்டால், வாகன ஆர்வலர் அதனைப் படமெடுத்துக் குறித்து வைக்கின்றனர். கிள்ளான் பள்ளத்தாக்கிலோ நிலைமை நேர்மாறானது. துறைமுகத்துக்குச் செல்லும் சாலையில் ஆயிரம் தட்டை முக லாரிகள் ஓடினும் ஒருவரும் ஏறிட்டுப் பாரார். அமெரிக்க பாணியில் மூக்கு நீண்ட லாரி ஒன்று வந்தால் அதுவே வேடிக்கை. ஓரிடத்தில் அரிதாயிருப்பது மற்றோரிடத்தில் மலிந்திருப்பதன் காரணம் யாது? சட்டம், வாணிபம், போர் ஆகிய மூன்றுமே அக்காரணம் என்பதை வரலாறு காட்டுகிறது.

இரு வடிவங்களின் இயல்பு

தட்டை முக லாரியின் முதல் நன்மை நீளம் குறைவது. ஒரே அளவு நீளத்தில் மூக்கு லாரியை விட அதிகச் சரக்கை அது ஏற்றும். குறுகிய தெருவில் எளிதில் திரும்பும். ஓட்டுநர் சாலையைத் தம் காலடியிலேயே காண்பார். பழுது பார்க்க வேண்டின், பிற்காலத்து வண்டிகளில் ஓட்டுநர் அறை முழுவதையும் முன்புறம் கவிழ்த்து எஞ்சினைத் திறந்துவிடலாம்.

மூக்கு லாரிக்கும் தனி நன்மைகள் உண்டு. எஞ்சினின் சூடும் இரைச்சலும் ஓட்டுநரை அவ்வளவாக வருத்தா. முன் சக்கரத்துக்குப் பின்னால் அமர்வதால் பள்ளம் மேடுகளின் அதிர்ச்சி குறையும். நேருக்கு நேர் மோதும் விபத்தில் ஓட்டுநருக்கு முன்னால் ஓரளவு இரும்பாவது நிற்கும். நாள் முழுவதும் நெடுந்தூரம் ஓட்டுவோர் மூக்கு லாரியை விரும்புவதற்கு இவை காரணம். ஆகவே, எவ்வடிவம் சிறந்தது என்பதை எஞ்சின் நூல் மட்டும் தீர்மானிப்பதில்லை. நீளத்தை அளக்கும் சட்டம் எவ்வாறு அளக்கிறது என்பதே தீர்மானிக்கிறது.

வட அமெரிக்காவில் நேர்ந்தது

அமெரிக்காவில் தட்டை முக லாரி என்றுமே அரிதாயிருந்தது எனக் கருதுதல் பிழை. 1930-களில் அந்நாட்டு மாநிலங்கள் தத்தம் சாலைகளில் ஓடும் வண்டிகளின் நீளத்துக்கு வரம்பு விதித்தன. இழுக்கும் வண்டி, அதன் பின்னால் இணைந்த டிரெய்லர் ஆகிய இரண்டின் மொத்த நீளமும் அவ்வரம்புக்குள் அடங்க வேண்டும். மூக்கை ஓர் அடி குறைத்தால் சரக்குக்கு ஓர் அடி கூடும் என்பது தெளிவு. எனவே போர்டு, செவர்லே, ஒயிட் முதலிய ஆலைகள் தட்டை முக லாரிகளைச் செய்தன. ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லந்து நகரில் சரக்குப் போக்குவரத்து நடத்திய லேலண்ட் ஜேம்ஸ் என்பார், தமக்கு வேண்டிய குறுகிய, எடை குறைந்த லாரியைப் பிற ஆலைகள் செய்து தராமையால் தாமே செய்யத் தலைப்பட்டார். பிரைட்லைனர் என்னும் பெயர் பெற்ற லாரி அவ்வாறு பிறந்ததே. போருக்குப் பின் முப்பது ஆண்டுக் காலம் தட்டை முக லாரி அமெரிக்க நெடுஞ்சாலைகளில் கோலோச்சியது.

1982-ஆம் ஆண்டில் அமெரிக்க மத்திய அரசு இயற்றிய தரைவழிப் போக்குவரத்துச் சட்டம் இந்நிலையை மாற்றியது. தேசிய நெடுஞ்சாலைகளில் இழுவண்டியும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த நீளத்துக்கு மாநிலங்கள் வரம்பு விதிக்கலாகாது என்றும், டிரெய்லரின் நீளத்தை மட்டுமே அளக்கலாம் என்றும் அது விதித்தது. அன்று முதல் மூக்கின் நீளம் கணக்கில் சேரவில்லை. ஓட்டுநரின் வசதி முன்னுக்கு வந்தது. தட்டை முகம் மெல்ல மெல்ல மறைந்தது. பெரிய தட்டை முக இழுவண்டிகளில் இறுதிவரை நிலைத்தவற்றுள் ஒன்றான பிரைட்லைனர் ஆர்கோசி, வட அமெரிக்கச் சந்தையிலிருந்து 2006-ஆம் ஆண்டில் விலகியது. ஐரோப்பாவிலோ மொத்த நீளத்தை அளக்கும் முறையே தொடர்ந்தது. 1996-ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றியக் கட்டளை, டிரெய்லர் இணைந்த லாரிக்கு 16.5 மீட்டர் என வரம்பு கட்டியது. அதனால் அங்குத் தட்டை முகமே வழக்காயிற்று.

இவ்விரு உலகங்களையும் இணைக்க முயன்ற வாணிபங்களின் எச்சங்களே, அமெரிக்கச் சாலைகளில் காணப்படும் அரிய ஐரோப்பிய லாரிகள். சுவீடன் நாட்டு வால்வோ லாரிகளை 1970-களின் இறுதியில் பிரைட்லைனர் நிறுவனமே அமெரிக்காவில் விற்று வந்தது. 1981-ஆம் ஆண்டில் பிரைட்லைனரை ஜெர்மானிய டைம்லர்-பென்ஸ் வாங்கிற்று. அதே ஆண்டில் வால்வோ, நொடித்துப்போன ஒயிட் நிறுவனத்தின் லாரித் தொழிலை வாங்கிற்று. முன்னாள் கூட்டாளிகள் எதிர் அணியினராயினர். பிரெஞ்சு ரெனோ ஆலை செய்த நடுத்தர லாரி, மாக் என்னும் அமெரிக்கப் பெயர் தாங்கி அங்கு ஓடியது. ஸ்கானியாவும் 1980-களில் வடகிழக்கு மாநிலங்களில் சில காலம் விற்பனை செய்து பின்னர் விலகிற்று. இன்று ஒரு பழைய ஸ்கானியா அங்கு எதிர்ப்படின், அது நின்றுபோன ஒரு வாணிப முயற்சியின் எஞ்சிய சான்று என்க.

சிறு லாரிகளின் கதை இன்னும் வியப்புடையது. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு வரி உயர்த்தியதற்குப் பதிலடியாக, அமெரிக்கா 1964-ஆம் ஆண்டு முதல் அயல்நாட்டுச் சிறு லாரிகளுக்கு 25 விழுக்காடு வரி விதித்தது. கோழிப் பூசலில் அடிபட்டது வோக்ஸ்வாகன் சரக்கு வண்டி. கோழிப் பூசல் மறந்த பின்னும் வரி மட்டும் நிலைத்தது. அன்றியும், அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளுக்கு இணங்கச் செய்யப்படாத அயல்நாட்டு வண்டி 25 ஆண்டு வயதடைந்த பின்னரே தடையின்றி அங்கு நுழைய இயலும். கனடாவில் அக்காலம் 15 ஆண்டு. ஆகவே அங்குக் காணப்படும் ஜப்பானியக் குட்டி லாரிகள் பெரும்பாலும் முதிர்ந்த வயதில் கடல் கடந்தவை.

மலாயாவுக்கு வந்த வழி

சட்டம் வடிவத்தை வகுக்கும் என்பது அமெரிக்காவில் விளங்கிற்று. மலாயாவில் அதனோடு பேரரசின் வாணிபமும் சேர்ந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கில் லாரிக்கு முன் இருந்தவை இரண்டு: மாட்டு வண்டியும் இரயிலும். 1886-ஆம் ஆண்டில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரைப் புக்கிட் கூடா வரை இருப்புப் பாதை திறக்கப்பட்டது. 1901-ஆம் ஆண்டில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் எழுந்தது. செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸ், இரயில் தொழிலாளரின் குடியிருப்பாகவும் வளர்ந்தது. நிலையத்துக்கு நிலையம் சரக்கை இரயில் சுமந்தது. நிலையத்திலிருந்து கடைக்கும் தோட்டத்துக்கும் மாட்டு வண்டி சுமந்தது. சாலைகளை அமைத்த பொதுப்பணி இலாகாவின் கூலிப் படையில் தமிழரே பெருந்தொகையினர்.

கிள்ளான் வட்டாரத்துக் காப்பித் தோட்டங்கள் விலை வீழ்ச்சியால் தளர்ந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பருக்கு மாறின. ரப்பர்ப் பால் காத்திராது. காலையில் இறக்கிய பால் உறைவதற்குள் ஸ்டோருக்குச் சென்றாக வேண்டும். தோட்டங்கள் பரந்து விரிந்தபோது மாட்டின் நடை போதாமற் போயிற்று. லாரியின் தேவை இங்ஙனம் எழுந்தது.

அந்த லாரி எங்கிருந்து வந்தது? 1926-ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் போர்டு மலாயா நிறுவனம் அமைந்தது. அதன் தாய் நிறுவனம் அமெரிக்கப் போர்டு அன்று, கனடாப் போர்டு. 1904-ஆம் ஆண்டில் தொடங்கிய கனடாக் கிளைக்கே, பிரிட்டன் நீங்கலாகப் பேரரசின் பிற நாடுகளில் விற்கும் உரிமை வழங்கப்பட்டிருந்தது. கனடா பேரரசின் உறுப்பாதலால், அங்குச் செய்த வண்டி பேரரசுப் பொருளாகவே மதிக்கப்பட்டது. வட அமெரிக்க மூக்கு லாரி மலாயாவுக்கு வந்த வாயில் இது. பிரிட்டிஷ் லாரி எனப் பெயர் பெற்ற பெட்போர்டின் வேரும் அமெரிக்காவிலேயே உள்ளது. ஜெனரல் மோட்டார்ஸ் 1925-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் நிறுவனத்தை வாங்கி, அங்குச் செவர்லே லாரிகளைப் பூட்டி விற்று, 1931-ஆம் ஆண்டில் அவற்றின் வழித்தோன்றலுக்குப் பெட்போர்டு எனப் பெயரிட்டது. எனவே போருக்கு முன் மலாயாவில் ஓடிய பெட்போர்டும் மூக்கு உடையதே.

பிரிட்டனின் சொந்த வழக்கமோ தட்டை முகத்தை நோக்கிச் சென்றது. லண்டன் போன்ற நெருக்கமான நகர்களும், வண்டியின் நீளத்தைக் கட்டுப்படுத்திய விதிகளும், லேலண்ட், ஏ.இ.சி. முதலிய ஆலைகளை அவ்வழியில் செலுத்தின. அங்குக் கனரக லாரிகள் 1957-ஆம் ஆண்டு வரை மணிக்கு 20 மைலுக்கு மேல் ஓடலாகாது என்ற விதி இருந்தமையால், விரைவை விடச் சுமைக்கே அவை முதன்மை தந்தன. மலாயாச் சாலையில் இவ்விரு மரபுகளும் ஒன்றையொன்று சந்தித்தன.

போர் விட்டுச் சென்ற முகங்கள்

போரில் அச்சந்திப்பு ஒரே வண்டியில் நிகழ்ந்தது. இரண்டாம் உலகப் போருக்கெனக் கனடாவின் போர்டு, செவர்லே ஆலைகள் பிரிட்டிஷ் படையின் அளவுக்கு இணங்க இராணுவ லாரிகளைச் செய்தன. கப்பலில் இடம் மிச்சப்பட வேண்டும் என்பதால் அவற்றின் மூக்கு மழுங்கக் குறுக்கப்பட்டது; எஞ்சின் ஓட்டுநர் அறைக்குள் பின்வாங்கியது; ஓட்டுநர் கால் வைக்கும் இடம் நெருங்கிற்று. வட அமெரிக்க எஞ்சினுக்குப் பிரிட்டிஷ் முகம் வைத்தாற் போன்ற இவ்வகை வண்டிகள் நான்கு லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டன.

எதிர்த்து வந்த ஜப்பானியப் படையின் லாரிகளிலும் அமெரிக்கச் சாயல் இருந்தது. டொயோட்டாவின் முதல் லாரி 1935-ஆம் ஆண்டில் வெளிவந்தபோது அதன் எஞ்சின் செவர்லேயைப் பின்பற்றியது. நிஸ்ஸான், அமெரிக்காவின் கிரகாம்-பெய்ஜ் நிறுவனத்திடமிருந்து வரைபடங்களையும் கருவிகளையும் வாங்கி, 1937-ஆம் ஆண்டில் ஏறத்தாழத் தட்டை முகமுடைய லாரியைச் செய்தது. 1941-ஆம் ஆண்டில் மூக்கு லாரிக்கு மாறிற்று. 1942-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள் பிரிட்டிஷ் படைத் தலைவர் பெர்சிவல் சரணடைந்து கையெழுத்திட்ட இடம், சிங்கப்பூர்ப் புக்கித் தீமாவில் அதற்கு முந்தைய ஆண்டு திறக்கப்பட்ட போர்டு ஆலை என்பது வரலாற்றின் விந்தை. அக்கட்டடம் இன்று தேசியச் சின்னமாகப் போற்றப்பட்டு, போர் நினைவுக் காட்சியகமாக விளங்குகிறது.

தமிழருக்கு லாரி என்னும் சொல் அச்சம் தருவதாக மாறியதும் அக்காலத்திலேயே. சயாம்–பர்மா இருப்புப் பாதை வேலைக்கு மலாயாவிலிருந்து எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் கொண்டு செல்லப்பட்டனர். அவருள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர், பல்லாயிரவர் திரும்பவில்லை. தோட்டத்துக்குள் லாரி வந்து ஆட்களை ஏற்றிச் சென்றதும், இரயில் நிலையத்தில் சரக்குப் பெட்டிகளுக்கு மாற்றியதும், மீண்டு வந்தோர் சொல்லிச் சென்ற செய்திகள். பாலும் அரிசியும் ஏற்றிய அதே பலகைத் தளத்தில் மனிதர் ஏற்றப்பட்டனர். மரண இரயிலின் வரலாற்றைக் கற்பிப்போர் இரயிலில் தொடங்குவது வழக்கம். தோட்டத்து வாசலில் நின்ற லாரியில் தொடங்குதலே முறையாகும்.

போர் முடிந்ததும் படைகள் விட்டுச் சென்ற லாரிகள் விற்பனைக்கு வந்தன. மழுங்கிய மூக்குடைய கனடா வண்டிகள் மலாயாக் காடுகளில் இரண்டாம் பிறவி எடுத்தன. சீனப் பட்டறைக்காரர் அவற்றைப் பிரித்துக் கோத்து, பெருமரங்களை இழுக்கும் வண்டிகளாக்கினர். மலைக்கு அரசன் எனப் பொருள்படும் 'சான் தாய் வோங்' என்பது சீனர் வைத்த பெயர்; மலாய் மக்கள் 'லோரி ஹந்து', அதாவது பேய் லாரி என்றனர். ஆபத்து நேரின் ஓட்டுநர் குதித்துத் தப்ப ஏதுவாக, கதவும் கூரையும் நீக்கப்பட்டவை பல. செய்த நாட்டில் காட்சிப் பொருளாகிவிட்ட வண்டி, மலாயாக் காட்டில் பல பத்தாண்டுகள் உழைத்தது. ஐரோப்பிய லாரி அமெரிக்காவில் அரிதானது போல, இஃது அமெரிக்க மண்ணின் லாரி ஆசியாவில் பெற்ற அரிய வாழ்வு.

தோட்டத்திலிருந்து துறைமுகத்துக்கு

1948-ஆம் ஆண்டு முதல் 1960-ஆம் ஆண்டு வரை நீடித்த அவசரகாலத்தில் லாரி கண்காணிக்கப்படும் பொருளாயிற்று. காட்டிலிருந்த போராளிகளுக்கு உணவு செல்லாதிருக்க, அரிசி முதலியவற்றை ஏற்றிய லாரிகள் குறித்த வழியில் குறித்த நேரத்தில் மட்டுமே செல்லலாம் என விதிக்கப்பட்டது. அதே காலத்தில் தோட்ட மக்களின் இன்ப துன்பங்களிலும் லாரி கலந்திருந்தது. தைப்பூசத்துக்குப் பத்துமலை செல்லவும், பிணியாளரை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லவும் தோட்டத்து லாரியே உதவிற்று. பெரட்டுக்கு வந்தோரை ஏற்றிக்கொண்டு விடியலில் புறப்பட்டதும் அதுவே. தோட்டத் தமிழர் பலர் முதன்முதலில் ஏறிய மோட்டார் வண்டி அதுவாகத்தான் இருந்திருக்கும்.

1950-களில் பெட்போர்டு, ஆஸ்டின், காமர், தேம்ஸ், லேலண்ட் ஆகிய பிரிட்டிஷ் பெயர்களே சாலையில் மிகுதி. 1960-களில் ஜப்பானியத் தட்டை முகச் சிறு லாரிகள் புகுந்தன. மூக்கு நீண்ட வண்டிகள் குறைந்தன. மலேசிய அரசு உள்நாட்டிலேயே வண்டி பூட்டும் தொழிலை ஊக்குவித்தபோது, 1960-களின் பிற்பகுதியில் ஷா ஆலத்தின் பத்து தீகாவில் சுவீடன் நாட்டு வால்வோ வண்டிகளைப் பூட்டும் ஆலை எழுந்தது. ஷா ஆலம் அமைந்த நிலம் முன்பு சுங்கை ரெங்கம் தோட்டம். லாரிக்குச் சரக்குத் தந்த தோட்டம், வண்டிகளை உருவாக்கும் நகரமாயிற்று. அம்மாற்றத்தில் லயத்து வீடுகளை இழந்தோரின் வரலாறு தனியே எழுதத் தக்கது.

1972-ஆம் ஆண்டில் போர்ட் சுவெட்டன்ஹாம், கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாறியது. அடுத்த ஆண்டில் கொள்கலன் முனையம் அங்குத் தொடங்கிற்று. கொள்கலன் முறையும் அமெரிக்காவில் பிறந்ததே. 1956-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள் மால்கம் மக்லீன் என்பாரின் 'ஐடியல் எக்ஸ்' கப்பல், 58 கொள்கலன்களோடு நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டன் நோக்கிப் புறப்பட்டது. பெரிய கொள்கலனின் நீளம் உலகெங்கும் 40 அடி. மொத்த நீளத்துக்கு வரம்புள்ள நாட்டில் 40 அடிக் கொள்கலனை ஏற்றிய பின் இழுவண்டிக்கு எஞ்சும் இடம் சொற்பம். அச்சொற்ப இடத்தில் அடங்குவது தட்டை முகமே. மேரு, காப்பார் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களுக்கும் கிடங்குகளுக்கும் இடையே இன்று விரையும் வால்வோ, ஸ்கானியா, ஹினோ, இசுசு, சீனத் தயாரிப்புகள் ஆகிய யாவும் ஒரே முகம் கொண்டிருப்பதன் காரணம் இதுவாகும். அமெரிக்கர் கண்டுபிடித்த பெட்டியை, அமெரிக்கர் கைவிட்ட வடிவம் இழுத்துச் செல்கிறது.

படத்தின் காலத்தைக் காணும் முறை

இவ்வரலாற்றின் பயன், முதலில் கூறிய பழைய படங்களில் விளங்கும். லாரியின் முகம் தரும் ஆண்டு, படத்தின் காலத்துக்குக் கீழெல்லை. அவ்வகை லாரி பிறப்பதற்கு முன் அப்படம் எடுக்கப்பட்டிருக்க இயலாது. பெட்போர்டு என்னும் பெயர் தெரிந்தால் படம் 1931-க்குப் பிந்தையது. கனடா இராணுவ வண்டி பொதுமக்கள் கையில் காணப்பட்டால் 1945-க்குப் பிந்தையது எனல் பொருந்தும். மூக்கு முற்றும் நீளாது பாதி உள்ளடங்கிய பெட்போர்டு எஸ் வகை 1950-ஆம் ஆண்டினது. தேம்ஸ் டிரேடர் 1957-ஆம் ஆண்டில் தோன்றியது. தட்டை முகப் பெட்போர்டு டி.கே. வகை 1960-ஐ ஒட்டியது. அறை கவிழும் லேலண்ட் எர்கோமேடிக் 1964-ஆம் ஆண்டினது. ஹினோ ரேஞ்சரும் அவ்வாண்டினதே. வால்வோ எப் 88 வகை 1965-ஆம் ஆண்டுக்கு முன் இல்லை. எண் பலகையும் உதவும். 1974-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமாகச் சிலாங்கூரிலிருந்து பிரிந்தது; அதற்கெனத் தரப்பட்ட டபிள்யூ எழுத்து அதற்கு முந்தைய படத்தில் இராது.

தாயகத்து உறவினர் அனுப்பிய படங்களுக்கு அளவுகோல் வேறு. 1948-ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955-ஆம் ஆண்டில் அசோக் லேலண்ட் எனப் பெயர் பெற்றது. டாடா நிறுவனம் டைம்லர்-பென்ஸுடன் கூடி ஜாம்ஷெட்பூரில் 1954-ஆம் ஆண்டு முதல் மூக்கு லாரி செய்தது. 1969-ஆம் ஆண்டில் அக்கூட்டு முடிந்தது. ஆகவே மெர்சிடிஸ் பெயரும் டாடா பெயரும் இணைந்து தோன்றும் புதிய லாரி, அவ்விடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளுக்கு உரியது.

இம்முறையில் எச்சரிக்கை இரண்டு வேண்டும். ஒன்று, லாரி நெடுங்காலம் உழைக்கும். 1950-ஆம் ஆண்டு வண்டி 1975-ஆம் ஆண்டுப் படத்திலும் நிற்கலாம். எனவே மேலெல்லையை உடை, கட்டடம், படத்தாளின் அச்சு, குழந்தைகளின் வயது ஆகியவற்றால் தீர்மானிக்க வேண்டும். மற்றொன்று, அக்காலத்தில் லாரிகள் பல, எஞ்சினும் சேஸியும் முன் தகடும் மட்டுமாய் இறங்கின. அறையையும் தளத்தையும் உள்ளூர்ப் பட்டறைகளே மரத்தால் அமைத்தன; சங்ககிரி, நாமக்கல் பட்டறைகள் தமிழகத்தில் செய்தது போன்றதே இது. ஆதலின் மரவேலையைக் கண்டு ஆண்டு சொல்லலாகாது. காற்றுக் கம்பித் தட்டியையும் விளக்கின் இருப்பையும் சக்கரத்தின் ஆணிகளையும் நோக்கியே சொல்ல வேண்டும்.

தமிழ்ப் பள்ளி மாணவர் வீட்டிலிருந்து ஆளுக்கொரு பழைய படத்தின் படியைக் கொணர்ந்தால், ஒரு வகுப்பிலேயே ஒரு தோட்டத்தின் நூறாண்டு வரலாற்றுக்கு அடித்தளம் இடலாம். படத்தில் நிற்போர் பெயர், தோட்டத்தின் பெயர், லாரியின் இனம், எண் பலகை ஆகிய நான்கையும் குறித்து வைத்தால் போதும். கிள்ளான் பள்ளத்தாக்கில் பல தோட்டங்கள் குடியிருப்பாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறிவிட்டன. அவற்றின் பெயர்கள் சாலைப் பலகையில் கூட எஞ்சவில்லை. துரைமாரின் கணக்கேடுகள் எத்தனை இறாத்தல் ரப்பர் இறங்கிற்று என்பதைச் சொல்லும். அதனை இறக்கியவர் எவர் என்பதைச் சொல்லா. அவர்கள் வாழ்ந்தார்கள், உழைத்தார்கள், விழாக் கொண்டாடினார்கள் என்பதற்கு, லாரியின் முன் வரிசையாக நின்று எடுத்துக்கொண்ட ஒரு படமே பல குடும்பங்களில் எஞ்சிய ஆவணம். அதன் ஆண்டைக் கண்டறிந்து எழுதிவைப்பது, அவர்களை வரலாற்றில் உரிய இடத்தில் அமர்த்துவதாகும்.